மாமா எடுக்கச் சொன்ன வரி

நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பெரிய மனிதர்கள் எல்லோரும் ஏழை வீட்டில் பிறந்தார்கள். தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து படித்தார்கள். பொய் அவர்கள் வாயில் வந்ததே இல்லை. அவர்களுடைய தாய்மார் எல்லோரும் பொறுமைசாலிகள். ஒருவர்கூட இருமலோடும் விக்கலோடும் சாகவில்லை. தலைமாட்டில் நிற்பவர்களுக்கு ஒரு நல்ல வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்கள். வருஷத்துக்கு நாலைந்து பேர் இப்படி எங்கள் தமிழ்ப் புத்தகத்தில் பிறந்து இறப்பார்கள். நாங்கள் அவர்களை வரி பிசகாமல் ஒப்பிப்போம். நடுவில் நின்றுவிட்டால் சிஸ்டர் மறுபடியும் பிறப்பிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். அதனால் மூச்சு விடாமல் சாவு வரைக்கும் ஓடிவிடப் பழகியிருந்தோம்.

யுத்த காலத்தில் தூத்துக்குடித் தெருவிளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டுவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்தவள், “ஏளா, இனிமே நம்மூர்ல ஒருத்தனும் பெரிய மனுசன் ஆவ முடியாது” என்றாள். சிரித்ததற்காக இரண்டு பேரும் அரைமணி நேரம் முட்டி போட்டோம். நான் பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுச் சிரித்ததாக ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். அதற்கு அடுத்த பங்குனியில் அப்பா கடலில் இறந்துபோனார்.

அப்பா சங்கு குளிப்பவர். முத்துக் குளிப்பு நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. அதில் அப்பா முங்கியதை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சங்கு வருஷா வருஷம் உண்டு. விடியும் முன்னே தோணியில் போவார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு எட்டுப் பாகம், ஒன்பது பாகம், கிட்டத்தட்ட ஐம்பது அடி ஆழத்துக்கு இறங்குவார்கள். சங்கைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைத்தால் மேலே தோணியில் இருப்பவர் இழுத்துத் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை யார் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். பெண்சாதியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாதா என்று கேட்டால், அண்ணன் தம்பிக்குள் பங்கு வழக்கு இருக்கும், மச்சானுக்கு அக்காள் தாலி அல்லவா கயிற்றில் தொங்குகிறது என்பார்கள். எங்கள் தெருவில் பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணுக்குத் தம்பி உண்டா, அவன் கை எப்படி என்றும் விசாரிப்பார்கள்.

என் அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. இரண்டு பேரும் ஆலந்தலையில் பிறந்தவர்கள். அக்காளைக் கட்டிக் கொடுத்ததுமே தம்பியும் கயிறு பிடிக்க இங்கே வந்துவிட்டார். அன்றைக்கும் கயிறு மாமா கையில்தான் இருந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தூக்கும்போது அப்பாவுக்கு மூச்சு இல்லை என்றார்கள். ஆழத்தில் நெஞ்சடைத்திருக்கும் என்றார்கள். கடலைக் குற்றம் சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்பாவைக் கிடத்தியிருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீரில் கிடந்த கால் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்த பெண்கள் என்னை இழுத்து மார்பில் சாய்த்து, “அழு, ஏளா, அழுதுரு” என்றார்கள். அவர்களுக்காக அழுது பார்த்தேன், வரவில்லை. அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான் ஆனது. சாப்பிட்டால் சாப்பிட்டேன், இல்லாவிட்டால் இல்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு இருந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் அடுத்தவர் காலைக் கிள்ளுவது மாதிரி இருக்குமே, அந்த மாதிரி ஆகிவிட்டேன். படிப்பு மட்டும் கெடவில்லை. ஒப்பிப்பதற்கு மனசு எதற்கு?

மாமாவுக்கும் பெண்சாதியும் கைக்குழந்தையும் உண்டு. இருந்தும் எங்கள் வீட்டு அரிசி, மண்ணெண்ணெய், என் சிலேட்டு, சீக்காளியான என் தம்பியின் மருந்து எல்லாம் அவர் உழைப்பில் வந்தது. நான் எட்டாவது வந்ததும் தெருவில் பேச்சு எழுந்தது. பஞ்சு மில்லுக்கு அனுப்பலாம், இல்லை வலை பின்ன உட்கார வைக்கலாம் என்றார்கள். மாமா ஒரே பிடியாக, “அவ படிக்கட்டும். படிக்கியவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்” என்றார். எட்டாவதுக்கு மேல் அவராலும் முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகையோடு ஓர் இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் மில்தான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஓர் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். நாங்கள் பெரிய மனிதர்களை ஒப்பித்தோம். மூன்று பேர் செத்து முடிந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “இவர்களில் யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? உங்கள் ஊரிலே, உங்கள் தெருவிலே நல்லபடி வாழ்ந்தவர் யாருமே இல்லையா? அவர் வரலாற்றை எழுதுங்கள். ஆண்டு விழாவுக்கு வருகிறேன். நன்றாக எழுதியவளைப் பயிற்சிக்கு நானே சிபாரிசு செய்கிறேன்” என்றார்.

அந்த அம்மாள் நல்லவர். அவர் சொன்னதும் சரிதான். பிறகு நானும் முப்பது வருஷத்துக்கு மேல் வாத்திச்சியாக இருந்தேன். வாழ்க்கை வரலாறு கற்பிப்பதைப் பற்றி இதைவிட நல்ல யோசனை சொன்னவர்களை நான் பார்க்கவில்லை. ஆனால் எங்களுக்கு வரலாறு என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது புத்தகத்தில் பார்த்ததுதான். ஒருத்தி பங்குச் சாமியாரைப் பற்றி எழுதினாள். அவரும் தெருவிளக்கில் படித்தார். ஒருத்தி சிஸ்டரைப் பற்றியே எழுதி, சிஸ்டர் சிறு வயதிலிருந்தே கோபம் என்பதை அறியாதவர் என்று முடித்திருந்தாள். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது.

நான் அப்பாவைப் பற்றி எழுதினேன். ஏழையாகப் பிறந்தார், சரி. உழைத்தார், சரி. சாராயம் குடித்ததை விட்டுவிட்டேன். குளித்த சங்கை ஒளிக்காமல் முழுவதையும் அரசாங்கக் கிட்டங்கியில் ஒப்படைத்தார் என்று எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் ஒப்படைப்பார்கள், ஆனால் எழுத்தில் அது பெரிய குணமாகத் தெரிந்தது. சாவுக்கு வந்தபோது பேனா நின்றது. அப்பா கடைசியில் என்ன சொன்னார்? அவர் தண்ணீருக்குள் அல்லவா இருந்தார். கடைசி வாக்கியம் இல்லாமல் ஒரு வரலாறு முடிந்து நான் பார்த்ததே இல்லை. இல்லாவிட்டால் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள் என்று நிஜமாகவே பயந்தேன். எனவே இறங்குவதற்கு முன் சொன்னதாக இப்படி எழுதினேன்:

‘என் தந்தை, “மைத்துனா, என் உயிர் உன் கையில் இருக்கிறது” என்றார். என் மாமா, “என் உயிர் போனாலும் கயிற்றை விடமாட்டேன்” என்று வாக்களித்தார். சொன்னபடியே கடைசிவரை அவர் அதை விடவில்லை.’

எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாக்கியம் நன்றாக அமைந்தது என்று மட்டும் தோன்றியது.

ஆண்டு விழாவில் அதை மேடையில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி வரிசையில் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கைதட்டல் முடிந்து பார்க்கும்போது அவர் இடம் காலியாக இருந்தது. கடலுக்குப் போக நேரமாகியிருக்கும் என்று நினைத்தேன். நடுப்பகலில் எந்தக் கடல் என்று நான் யோசிக்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் மாமா வீட்டுக்கு வந்தார். நான் முன்னறையில் தனியாக உட்கார்ந்து, இன்ஸ்பெக்டருக்கும் மாதா கோயில் பத்திரிகைக்கும் அனுப்புவதற்காகக் கட்டுரையைப் பார்த்து எழுத ஆரம்பித்திருந்தேன். மாமாவுக்கு எழுத்துத் தெரியாது. காகிதத்தைப் பார்த்து, “இதுல அது எங்கன இருக்கு?” என்று கேட்டார். விரலால் காட்டினேன். அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அந்த வரிய எடுத்துரு, ஏளா.”

“ஏன் மாமா?”

“கயிறு என் கையில இல்ல.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார்.

“வெத்தல போடணும்போல இருந்துச்சு. பக்கத்துல நின்ன கூலியாள்ட்ட, கொஞ்சம் பிடிடேன்னு குடுத்தேன். எல்லாரும் மூணு தடவ அசைப்பாங்க. மச்சான் ஒரே ஒரு தடவதான் அசைப்பாரு. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதுல்லா? அவன் மீதி ரெண்டுக்குக் காத்துக்கிட்டு நின்னுருக்கான். நான் திரும்பிப் பாக்கையில எல்லாருமாச் சேந்து இழுக்காங்க. நான் மரம் மாதிரி நின்னேன். கிட்டப் போவ முடியல.”

தோணியில் இருந்தவர்கள் யாரும் வெளியே சொல்லவில்லை. நாளைக்கு யாருக்கும் நடக்கும் என்று விட்டுவிட்டார்கள். கூலியாள் அடுத்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டான்.

“பேசாம இருந்தது வேற. இப்படி எழுதி வாசிச்சா நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு நெனப்பாங்க. கயிறு பிடிச்சேன்னும் வேண்டாம், பிடிக்கலன்னும் வேண்டாம். அந்த வரி மட்டும் வேண்டாம், ஏளா.”

“எடுத்துருதேன் மாமா” என்றேன்.

அவர் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அப்பாவைக் கொன்ற வெற்றிலை அல்லவா? வரவில்லை. பரிதாபமும் வரவில்லை. மூணு தடவைக்குப் பதில் ஒரு தடவை என்பதை மட்டும் மனசு கணக்குப் பாடம் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் சிஸ்டரிடம், அந்த ஓர் இடத்தை விட்டுவிட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். “பைத்தியமா உனக்கு? அந்த வரிக்காகத்தானே இன்ஸ்பெக்டர் அம்மா சிபாரிசே செய்கிறார்! அதையே எடுத்துவிட்டால் அவர் என்ன நினைப்பார்? பொய் எழுதியிருந்தாய் என்று நினைக்க மாட்டாரா?” என்றார்.

வகுப்புக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தும்போது, இந்த இடத்தில் அவர் உள்ளத்தில் ஒரு போராட்டம் எழுந்தது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் உள்ளத்தில் அப்படி எதுவும் எழவில்லை. மில்லுக்குப் போக வேண்டாம் என்று இருந்தது, எழுதினேன். அந்த மூன்று வரியையும் எழுதினேன். கையெழுத்து அன்றைக்கு மிகவும் நன்றாக வந்தது. மாமாவுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே என்றும் நினைத்தேன். இதை மறைத்துவிட்டு இந்தப் பக்கங்களை எழுதுவதில் அர்த்தமில்லை.

பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்துக் கோயில் பத்திரிகையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடற்கரையில் ஆண்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவோடு அந்தப் பக்கம் போன என்னை ஒருவர் கூப்பிட்டு, “எங்க, உங்கப்பன் கதைய நீயே வாசி, கேப்போம்” என்று பத்திரிகையைக் கையில் கொடுத்தார். அப்பாவோடு தோணியில் இருந்தவர்கள் ஆறேழு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். தோணியை நடத்தும் தண்டல் இருந்தார். மாமாவும் இருந்தார். மாமாவின் முகத்தில் சங்கடமே இல்லை. அந்த வரி இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். “வாசி, ஏளா. சத்தமா வாசி” என்றார்.

நான் வாசிக்கவில்லை, ஒப்பித்தேன். காகிதத்தைக் கையில் பிடித்திருந்தேனே தவிர, பார்க்கவில்லை. ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், உழைத்தார், நேர்மையாக இருந்தார். சாவு நெருங்குவது எனக்குத் தெரிந்தது. நின்றுவிட வேண்டும், அதைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் எட்டு வருஷம் நிற்காமல் ஓடப் பழகிய வாய் அது. ‘மைத்துனா, என் உயிர் உன் கையில் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டது. உயிர் போனாலும் விடமாட்டேன் என்றது. கடைசிவரை விடவில்லை என்றது. முடித்த பிறகுதான் நின்றது.

 வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றிருந்தன. தண்டல் மாமாவைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

“ஏலே, நாங்க வாய மூடிக்கிட்டு இருந்தது உனக்குப் பத்தலையா? செத்தவன் வாயில வார்த்தைய வச்சு மாலையும் போட்டுக்கிட்டியே.”

மாமா என்னைப் பார்த்தார். எடுக்கச் சொன்னேன், இவள்தான் எடுக்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் தண்டல் நம்பியிருப்பார். மாமா சொல்லவில்லை. வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, “வெயில் ஏறிட்டு, வீட்டுக்குப் போங்க” என்று எங்களிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அவரைத் தோணியில் ஏற்ற யாரும் முன்வரவில்லை. விரட்டவும் இல்லை, ஆள் நிறைந்துவிட்டது என்பார்கள். அந்த மாதக் கடைசியில் மாமா பெண்சாதியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குத் தோணியேறிவிட்டார். அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாகச் சில வருஷம் கழித்து யாரோ சொன்னார்கள். கடிதம் எழுத அவருக்குத் தெரியாது, எழுதிக் கொடுக்க யாரிடமும் கேட்கவும் இல்லை போலிருக்கிறது. அம்மா அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

மாமா ஒருத்தர் மட்டும்தான் அப்பாவைப் பற்றி உள்ளதைச் சொன்னார். மூன்று தடவை அசைக்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை அசைக்கிற மனிதர் என்று. அது நான் எழுதிய கட்டுரையில் இல்லை. வகுப்பில் பிள்ளைகளை வரலாறு எழுதச் சொல்லும்போது, அவர் எப்படி இருமுவார், எந்தக் கையால் கதவைத் திறப்பார், அதை எழுதுங்கள், கடைசியில் என்ன சொன்னார் என்று எழுத வேண்டாம் என்பேன். ஒரு தடவை மேலதிகாரி ஒருவர், நீதி போதனை போதவில்லை என்று என்னைப் பற்றிக் குறிப்பு எழுதிவிட்டுப் போனார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று காலையில் அம்மா என் தகரப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமா போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று, “அம்மா, கயிறு மாமா கையில இல்லியாம்” என்றேன்.

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே தெரியும்” என்றாள் அம்மா. என் பாவாடையை மடித்துக்கொண்டே பேசினாள். “உங்கப்பாவக் கொண்டுவந்து போட்டாங்க. அவன் ஓரமா நின்னான். விரல்ல சுண்ணாம்பு காஞ்சு வெள்ளையா இருந்துச்சு. ஈரக் கயிறு இழுத்த கையில சுண்ணாம்பு நிக்குமா, ஏளா?”

“ஏம்மா கேக்கல?”

“கேட்டா? புருசன் போயிட்டாரு. கேட்டா அவனும் போயிருவான். எனக்கு வேற யாரு இருக்கா? ரெண்டு வருசமா அந்தக் கைக்குத்தான் சோறு போட்டேன்.”

பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினாள். கொக்கி சரியாக விழவில்லை, மறுபடி அழுத்தினாள்.

“அவன் உன்னத் தேடி வந்த அன்னைக்கு நான் அடுப்படியிலதான் இருந்தேன்” என்றாள். “எடுத்துருதேன் மாமான்னு நீ சொன்னதும் கேட்டுச்சு.”

  பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று முன்னால் நடந்தாள்.